பாவா ஓட்டல் பெஞ்சு

ஆடிக் கிருத்திகை அன்று காலை பதினொன்று இருபதுக்கு நான் பிடித்திருந்த கை என் மகளுடையது அல்ல.

நேரம் நன்றாக நினைவிருக்கிறது. மலையேறி இறங்கி மதிய ரயிலைப் பிடிக்க முடியுமா என்று அப்போதுதான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "கால் வலிக்குதாடி?" என்று குனிந்தேன். மொட்டைத் தலை, அது நிறைய ஈரச் சந்தனம், மஞ்சள் துணி. எல்லாம் சரியாக இருந்தன. முகம் மட்டும் வேறு. எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன், சோளக்கதிரைக் கடிப்பதை நிறுத்திவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தான்.

தீபிகாவுக்கு மொட்டை போட்டுக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. சென்ற ஆண்டு டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது வேண்டிக்கொண்டது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் அவளும் மட்டும் அம்பத்தூரிலிருந்து விடியற்காலை ரயிலில் வந்தோம். குளத்தங்கரையிலிருந்து படிக்கட்டை நோக்கி வரும்போது ஒரு புஷ்பக் காவடிக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் புகுந்தது. பிடி நழுவியது. கூட்டம் கடந்ததும் கையை நீட்டித் துழாவினேன். ஒரு சின்னக் கை அகப்பட்டது. ஈரமாக, சந்தனப் பிசுபிசுப்போடு. அதை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

பெற்ற பிள்ளையின் கை தெரியாதா என்று கேட்பீர்கள். நானும் என்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பையனைத் திருப்பி அழைத்துக்கொண்டு போவதற்குள் அவன் அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். ஆந்திரப் பக்கத்துப் பெண். என் மணிக்கட்டில் ஓங்கி அடித்துப் பையனைப் பிடுங்கிக்கொண்டாள். "மா பாபுனி எக்கடிகி தீஸ்கெள்துன்னாவு?" எங்கள் பிள்ளையை எங்கே கொண்டுபோகிறாய் என்கிறாள். தெரிந்த அரைகுறைத் தெலுங்கு எனக்கு அந்த நேரத்தில் வாயில் வரவில்லை. சுற்றிலும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். "புள்ள புடிக்கிறவ மாதிரி தெரியலையே" என்றார் ஒருவர். "தெரியற மாதிரியா வருவாங்க?" என்றார் இன்னொருவர்.

அழுதுகொண்டே கும்பிட்டு அவர்களிடமிருந்து விலகி வருவதற்குள் பத்து நிமிஷம் போய்விட்டது.

அடையாளம்

உதவிக் கூடாரத்தில் ஒரு பெண் காவலர் இருந்தார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்.

"பேரு, வயசு?"

"தீபிகா. ஒன்பது."

"டிரெஸ்?"

"மஞ்ச பாவாடை சட்டை."

"தலை?"

"மொட்டை. சந்தனம் பூசியிருக்கு."

எழுதுவதை நிறுத்திவிட்டு அவர் பேனாவால் வெளியே காட்டினார். கேலி இல்லை, வருத்தமாகத்தான் காட்டினார். கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள். அதற்குள் சின்னதும் பெரியதுமாகச் சந்தன மண்டைகள்.

"வேற எதுனா சொல்லும்மா. மச்சம், தழும்பு."

"இடது புறங்கையில ஊசி ஏத்தின தழும்பு. கறுப்பா, சின்னதா."

"அது கிட்ட நின்னு பாத்தாதான தெரியும். சரி, சொல்ல சொல்றேன்."

கைப்பேசியில் அவளுடைய படம் இருநூறாவது இருக்கும். எல்லாவற்றிலும் இரட்டைப் பின்னல். மொட்டைப் படத்தை மலைமேல் போய் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். என் எண் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அத்தனை கூட்டத்தில் யாருடைய கைப்பேசியிலும் சிக்னல் இல்லை.

ஒலிபெருக்கியில் தமிழிலும் தெலுங்கிலும் அவள் பெயரைச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று மொட்டைகளைக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்தேன். ஒவ்வொரு முறையும் உட்கார்ந்தேன். மூன்றாவது குழந்தை என்னைப் பார்த்துப் பயந்து அழுதது.

"தொலைஞ்சு போனா எங்க நிக்கணும்னு சொல்லி வச்சிகிறீங்களா?" என்று கேட்டார் காவலர்.

"ஆங். பாவா ஓட்டல்ல."

"அது எங்கம்மா இருக்குது? நானும் மூணு வருஷமா இந்த ஊருலதான் இருக்கேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாவா ஓட்டல் இல்லை. அதை மூடிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அந்த இடத்தில் லாட்ஜ் கட்டிவிட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும், காலையில் ஸ்டேஷன் வாசலில் நின்று என் மகளிடம் சொல்லியிருக்கிறேன்: "கூட்டத்துல கை விட்டுப் போச்சுன்னா அழக் கூடாது. பாவா ஓட்டல் எங்கன்னு கேட்டுப் போயி அங்க நில்லு. நான் வந்துடுவேன்."

சின்ன வயதில் என் அப்பா, என் நைனா, எனக்குச் சொன்ன வார்த்தைகள். அதே இடத்தில் நின்று, அதே தொனியில் என் வாயில் வந்துவிட்டன.

தள்ளிப் போட்ட கடை

மலையடிவாரத்தில் காணாமல் போன கடைகளைப் பற்றி இந்தப் பக்கத்தில் சில வாரங்களாக எழுதிவருகிறேன். எந்தக் கடிகாரமும் இன்னொன்றோடு ஒத்துப்போகாத வாட்ச் ரிப்பேர் கடை. பன்னீர் சோடாக் கம்பெனி. மலையேற முடியாத கிழவிகளை மலைக்கோயில் வரைந்த திரைக்கு முன்னால் நிறுத்தி, 'மொட்டைக்கு முன்', 'மொட்டைக்குப் பின்' என்று இரண்டு படம் எடுத்துக் கொடுத்த ஸ்டூடியோ. கூடாரத்தில் உட்கார்ந்திருந்தபோது அந்த ஸ்டூடியோ ஞாபகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. 'மொட்டைக்குப் பின்' ஒன்று என்னிடம் இருந்திருந்தால்.

வாசகர்கள் சிலர், அந்த ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும், கேட்டு எழுதியிருந்தார்கள்: பாவா ஓட்டலைப் பற்றி எப்போது எழுதுவீர்கள்? அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். இடம் போதவில்லை என்று ஆசிரியரிடம் சொன்னேன். அது பொய்.

ஓட்டலுக்கு வேறு ஏதோ பெயர் பலகையில் இருந்தது. யாரும் படித்ததில்லை. முதலாளி வருகிறவர் போகிறவர் எல்லாரையும் 'பாவா' என்று கூப்பிடுவார், மச்சான் என்ற உரிமையில். அதனால் அவரே பாவா ஆகிவிட்டார். காலையில் மிளகு முழுசு முழுசாகக் கிடக்கும் பொங்கல். தோசைக்குச் சிவப்பாக ஒரு சட்னி, காதில் புகை வரும். ஈரத் தரையில் மரத்தூள் தூவியிருக்கும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக ஒரு பெஞ்சு. ஒரு கால் குட்டை, அதற்கு அரைச் செங்கல் முட்டு. கிருத்திகை நாளில் அந்த பெஞ்சில் சாப்பிட வருகிறவர்கள் உட்காரக் கூடாது. அது தொலைந்த பிள்ளைகளுக்கு. கூட்டத்தில் அழுதுகொண்டு நிற்கும் குழந்தையை யார் பார்த்தாலும் தூக்கிவந்து அங்கே உட்கார வைப்பார்கள். பாவா ஒரு இலையில் பொங்கல் வைப்பார். நகரி, புத்தூர், அரக்கோணம் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும், பிள்ளையைத் தொலைத்தவர்கள் நேராக அங்கேதான் ஓடிவருவார்கள்.

வந்ததும் பிள்ளையைக் கொடுத்துவிட மாட்டார். முதலில் குழந்தையிடம் கேட்பார், இவங்க யாரு என்று. அப்புறம் வந்தவர்களிடம் கேட்பார், அரைஞாண் என்ன நிறம், என்ன மச்சம் என்று. சில அம்மாக்கள் கோபித்துக்கொண்டு கத்துவார்கள். "கத்து அக்கா, கத்து. கத்தி முடிச்சிட்டு அரைஞாண் கலரைச் சொல்லு" என்பார்.

என் நைனா பொதட்டூர்பேட்டையிலிருந்து லுங்கி வாங்கிவந்து அடிவாரத்தில் விற்பவர். கிருத்திகை நாட்களில் வியாபாரம் முடியும் வரை நானும் அந்த பெஞ்சில்தான் இருப்பேன். தொலையாத ஒரே பிள்ளை நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

லாட்ஜ் வாசலில்

ஓட்டல் இருந்த இடத்துக்கு ஓடினேன். கீழே கைப்பேசி உறை விற்கும் கடை, மேலே மூன்று மாடி லாட்ஜ். எதிரில் பூ விற்கும் அம்மா ஒருவர் முழம் போட்டுக்கொண்டிருந்தார். நான் படி படியாக எட்டிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "யாரைம்மா தேடிக்கினு கீறே?" என்றார்.

"என் பொண்ணு. மொட்டை போட்டிருக்கும். பாவா ஓட்டல்னு கேட்டு வந்திருக்கும்."

பூக்கார அம்மாவின் கை நின்றுவிட்டது.

"அது உன் பொண்ணா? பாவா ஊட்டுப் பேத்தி இல்லையா?"

"வந்தாளா? எங்கே அவ?"

"ஆச்சு, ஒரு மணி நேரம் இருக்கும். இல்லாத ஓட்டலை ஒரு கொழந்தை வந்து கேட்டா இன்னான்னு நெனைக்கிறது? பாவா ஊட்டுப் புள்ளதான் அப்பிடி கேக்கும்னு நெனச்சிகினேன். அவரு இப்ப மவன் ஊட்டோட பொதட்டூர்பேட்டையிலதான கீறாரு. அந்தப் பக்கம் போற ஆட்டோ நின்னுகினு இருந்துச்சி. பாவா ஊட்டுல எறக்கி உடுன்னு ஏத்தி உட்டுட்டேன்."

"யாரோட ஆட்டோ?"

"பேரு தெரியாதே. அந்த ஊரு ஆட்டோதான்."

"அவ ஒண்ணுமே கேக்கலையா?"

"கேட்டுச்சி. அம்மா அங்கதான் இருக்காங்களான்னு கேட்டுச்சி. ஆங், அங்கதான் கீறாங்க, போன்னேன்."

அந்த அம்மாவை அடிக்கக் கை ஓங்கினேன் என்று நினைக்கிறேன். ஆனால் அடிக்கவில்லை. அவர் சொன்ன 'ஆங்' என்னை அப்படியே நிறுத்திவிட்டது. யோசிக்காமல், கெட்ட எண்ணம் இல்லாமல், வேறு வேலை பார்த்துக்கொண்டே சொல்லும் 'ஆங்'. அது எனக்குத் தெரியும். நான் அதைச் சொல்லியிருக்கிறேன்.

கூடாரத்துக்கு ஓடி விஷயத்தைச் சொன்னேன். காவலர் உடனே வயர்லெஸ்ஸில் பேசினார். பொதட்டூர்பேட்டையில் விசாரிக்கச் சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்து, "நீங்க கிளம்பிப் போயிடாதீங்கம்மா. அவங்க இங்க வர, நீங்க அங்க போக, வழியில மாத்தி மாத்தித் தேடற மாதிரி ஆயிடும். அந்த ஓட்டல் இருந்த எடத்துலயே நில்லுங்க" என்றார்.

நின்றேன். பூக்கார அம்மா தன் சாக்கை விரித்துப் பக்கத்தில் இடம் கொடுத்தார். நான் உட்காரவில்லை.

அந்த மத்தியானம்

அப்போது எனக்கு ஒன்பது வயது. அன்றைக்கும் ஆடிக் கிருத்திகைதான். பெஞ்சில் என் பக்கத்தில் நான்கு வயது இருக்கும் ஒரு பையன். மொட்டை, சந்தனம், இடுப்பில் வெள்ளி அரைஞாண். நகரிக்கு அப்பால் ஏதோ ஊர். பெயர் கேட்டால் சிரிப்பான். பொங்கலில் இருந்த மிளகை எல்லாம் பொறுக்கி என் இலையில் வைத்துக்கொண்டே இருந்தான்.

ஓட்டலில் நிற்க இடம் இல்லை. பாவா கல்லாவிலும் பரிமாறும் இடத்திலுமாக அல்லாடிக்கொண்டிருந்தார். ஒரு பெண் உள்ளே ஓடிவந்தாள். ஈர மஞ்சள் புடவை, அழுத முகம். பையனை வாரித் தூக்கிக்கொண்டாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டான். யார் தூக்கினாலும் கட்டிக்கொள்கிற பிள்ளை அவன். காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

கையில் சட்னி வாளியோடு பாவா அங்கிருந்தே குரல் கொடுத்தார். "ஏ சுமதி, அவங்கம்மாவா?"

"ஆங்" என்றேன்.

நான் அப்போது அவன் வைத்த மிளகுகளை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவன் அம்மா வந்தாள்.

அவள் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. போலீஸ் வந்தது. நைனா என்னைத் தன் லுங்கி மூட்டைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார். "யாரைக் கேட்டுக் குடுத்தே?" என்று போலீஸ்காரர் பாவாவைக் கேட்டது அங்கிருந்தே எனக்குக் கேட்டது. பாவா ஒரு தடவை மூட்டைப் பக்கம் பார்த்தார்.

"யாரையும் கேக்கல சார். நானே பாத்துதான் குடுத்தேன்."

அந்தப் பையன் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அவன் அம்மா அதற்கப்புறம் ஒவ்வொரு ஆடிக் கிருத்திகைக்கும் வந்தாள். ஓட்டலுக்கு எதிரில் நிற்பாள். பாவா காபி கொண்டுபோய் அவள் காலடியில் வைப்பார். அது ஆறி ஏடு படியும். சாயங்காலம் போய்விடுவாள்.

பெஞ்சை எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்கள் ஒருவர் இருவராகப் பாவா ஓட்டலுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். ரோடு அகலப்படுத்தியதில்தான் ஓட்டல் போனது என்று இப்போது சொல்கிறார்கள். ரோடு வருவதற்கு வெகு காலம் முன்பே அது போய்விட்டது. நைனா எங்களை அம்பத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று நான் சொன்ன 'ஆங்' அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. அவர் கேட்டதில்லை. நானும் யாரிடமும் சொன்னதில்லை. என் கணவரே இதை இந்த இதழில்தான் படிக்கப்போகிறார்.

காலையில் என் மணிக்கட்டில் அடித்த பெண்ணை நினைத்துக்கொண்டேன். அவள் அடித்தது சரி. நாற்பது அடி நடந்ததும் நான் குனிந்து பார்த்தேன். குனிந்து பார்க்காமலே போனவள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு வழி விட்டவள் நான்.

இரண்டு மணி ஆனது. மூன்று மணி ஆனது. கூடாரத்திலிருந்து தகவல் எதுவும் வரவில்லை. ஒவ்வொரு மஞ்சள் துணியாகப் பார்த்துக் கண் பூத்துப்போனது. எதிரில் காபியை வைத்தால்கூட நானும் தொட மாட்டேன் என்று தோன்றியது. பூக்கார அம்மா உண்மையிலேயே ஒரு டீ வாங்கிவந்து வைத்தார். ஏடு படிவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

துண்டு முடிச்சு

நான்கு மணி அடிக்கச் சில நிமிஷம் இருந்தது. வண்டிகளை நுழைவு வளைவுக்கு அப்பாலேயே நிறுத்தியிருந்தார்கள். அங்கிருந்து கூட்டத்துக்குள் ஒரு கிழவர் நடந்துவந்தார். கட்டம் போட்ட லுங்கி, வெள்ளைச் சட்டை, கண்ணில் புரை. பக்கத்தில் ஒரு மொட்டை. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. தன் மணிக்கட்டையும் அவள் மணிக்கட்டையும் ஒரே துண்டால் சேர்த்து முடிந்திருந்தார்.

"தீபி" என்று ஓடினேன்.

கிழவர் அவளைச் சட்டென்று தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். இன்னொரு கையை என் முன்னால் நீட்டினார்.

"நில்லும்மா. அங்கியே நில்லு."

பிறகு குனிந்து அவளிடம் கேட்டார்: "கண்ணு, இவங்க யாரு?"

"எங்கம்மா."

"நல்லா பாத்து சொல்லு."

"எங்கம்மாதான் தாத்தா."

"ஒங்கம்மா பேரு இன்னா சொன்னே?"

"சுமதி."

"இன்னா பாவா இது" என்றார் பூக்கார அம்மா. "பெத்தவள நிக்க வச்சி கேள்வி கேட்டுகினு. அது மத்தியானத்துலேந்து நின்னுகினு கீது."

பாவா அவர் பக்கம் திரும்பவில்லை. "பொண்ணுக்கு இன்னா அடையாளம்?" என்று என்னைக் கேட்டார்.

"இடது புறங்கையில. ஊசித் தழும்பு."

அவள் கையைத் தன் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். காய்ந்த சந்தனத்தைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். தழும்பு தெரியும் வரை தேய்த்தார். அதற்கப்புறம்தான் துண்டு முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். கண் சரியாகத் தெரியாததால் முடிச்சு சீக்கிரம் வரவில்லை. நான் உதவிக்குக் கை நீட்டவில்லை. அது அவர் அவிழ்க்க வேண்டிய முடிச்சு.

தீபிகா என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் தலையிலிருந்து சந்தனம் பெயர்ந்து என் புடவையில் ஒட்டியது.

"நான் இங்க நிப்பேன்னு எப்படித் தெரிஞ்சிதுங்க?" என்றேன்.

"போன் போட்டேன், போகல. அம்மா பாவா ஓட்டல்ல நிக்க சொன்னாங்கன்னு கொழந்தை சொல்லிச்சி. அப்பிடி சொல்லி அனுப்பறவங்க வேற எங்க நிப்பாங்க?" துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வர்ற வழியில இன்னொண்ணும் சொல்லிச்சி. அவங்க தாத்தா இங்கதான் லுங்கி வித்தாராம்."

கிட்டே வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"லுங்கிக்காரர் பொண்ணு சுமதிதான நீ?"

"ஆங்" என்றேன்.

அவர் நிமிர்ந்து ஓட்டல் இருந்த இடத்தைப் பார்த்தார். கல்லா இருந்த மூலை, அதற்குப் பக்கத்துச் சுவர். அங்கே கைப்பேசி உறைகள் வரிசை வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. பிறகு தீபிகாவின் தலைமேல் கையை வைத்தார்.

"இதே வயசுதாம்மா அன்னிக்கி ஒனக்கு. ஒன்னைப் போயி கேட்டேன் பாரு."